குரோம்பேட்டையில் 1997-இல் கட்டிய மறுவிற்பனை வீடு: 54 லட்சம் கொடுக்கலாமா?

நன்மங்கலம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். இரண்டு பிள்ளைகளுடன் நன்மங்கலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். குரோம்பேட்டையில், ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 1997-இல் கட்டப்பட்ட அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, 900 சதுர அடி, மனையில் வீட்டுக்கு உரிய பிரிபடாத பாகம் 450 சதுர அடி, மின்தூக்கி கிடையாது. 54 லட்சம் கேட்கிறார்கள். பெரும்பாக்கம் பக்கத்தில் கட்டுமானத்தில் உள்ள ஒரு புதிய வளாகத்தில் 1,050 சதுர அடி வீட்டை 70 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்வதால், எதை எடுப்பது என்ற குழப்பம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வீட்டை விற்பவரின் தந்தைதான் அதை முதலில் வாங்கியவர்; அவர் காலமாகிவிட்டதால் மகன் விற்கிறார். கையில் 18 லட்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன்தான். விலை நியாயமானதா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரும்பாக்கம்காரர்:

ஏறத்தாழ முப்பது வருடப் பழைய கட்டடத்துக்கு 54 லட்சம் கொடுப்பதைவிட, இன்னும் 16 லட்சம் போட்டுப் புதிய வீட்டை எடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. மின்தூக்கி, காவலாளி, பிள்ளைகள் விளையாட இடம், மழைநீர் சேகரிப்பு என்று எல்லாம் அங்கே அமைந்துவிடும். பழைய வீட்டில் குடியேறும் முன்பே குளியலறைக் கசிவு, மின்கம்பி மாற்றம், சன்னல் மாற்றம் என்று குறைந்தது 5 லட்சமாவது இறங்கும். நான் புதிய வீட்டில்தான் இருக்கிறேன். வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர்:

நன்மங்கலம் தம்பிக்கு வணக்கம். இரண்டு வீடுகளையும் கேட்கும் விலையை வைத்து ஒப்பிடாமல், கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தை வைத்து ஒப்பிடுங்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம்; 54 லட்சத்துக்கு அது 4.86 லட்சம். புதிய வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல், மனையையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை நடைமுறையில் இருப்பதால், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான வீடுகளுக்கு 5 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 7 சதவீதம்தான் என்று விற்பனைப் பிரதிநிதி உங்களிடம் சொல்லியிருப்பார். அது உண்மைதான், ஆனால் கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் உண்டு என்பதையும், மறுவிற்பனைக்கு அது அறவே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், 70 லட்சத்தின் மேல் 12 சதவீதம், அதாவது 8.4 லட்சம் கூடுதலாகப் போகும். (45 லட்சத்துக்கு மிகாமல், சென்னையில் சுவர்களுக்குள் புழங்கும் இடமான கார்பெட் பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. 1 சதவீதம். உங்களுடையது அதில் வராது.) இரண்டு வீடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 16 லட்சமல்ல, ஏறக்குறைய 19.5 லட்சம்.

அடுத்து, பரப்பைப் பாருங்கள். அந்த 1,050 சதுர அடியில் படிக்கட்டு, நடைவழி, மின்தூக்கிக் குழி, மன்றக்கூடம் எல்லாவற்றின் பங்கும் அடங்கியிருக்கும். கார்பெட் பரப்பு எவ்வளவு என்று, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தின் பதிவில் தெளிவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை எடுத்துப் பார்த்தால் 730 சதுர அடி அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1990-களின் கட்டடங்களில் பொதுப் பரப்பு மிகக் குறைவு என்பதால், குரோம்பேட்டை வீட்டின் 900 சதுர அடிக்குள் புழங்கும் இடம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கக்கூடும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

இனி விலைக்கு வருவோம். பழைய அடுக்ககத்தின் விலையை மண், கட்டடம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் நாங்கள் பார்ப்போம். அந்தத் தெருவில் மனை சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 450 சதுர அடிப் பிரிபடாத பாகத்தின் மதிப்பு 31.5 லட்சம். மீதியுள்ள 22.5 லட்சத்தை 900-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 2,500 ரூபாய். இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் ஆகக்கூடிய செலவை ஒட்டிய தொகையை, பாதி ஆயுள் முடிந்த கட்டடத்துக்கு அவர் கேட்கிறார். கட்டடத்துக்கு அதில் பாதி கொடுத்தாலும் கணக்கு 43 லட்சத்துக்கு அருகில் நிற்கும். ரயில் நிலையத்தின் அருகாமைக்காக ஓரிரண்டு லட்சம் கூட்டலாம், 54 அதிகம். மனை விலையை மட்டும் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள், தரகர் சொல்வதை எடுக்காதீர்கள். பதிவுத்துறைத் தளத்தில் அந்தத் தெருவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பார்த்தால் குறைந்தபட்ச எல்லை தெரிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி மதிப்புகள் நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்தைய பத்திரங்களில் இருக்கும் மதிப்பை வைத்துப் பேசிப் பயனில்லை.

பெரும்பாக்கம்காரர்:

மதிப்பீட்டாளர் ஐயா சொல்லும் மண் கணக்கு தாளில் நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிபடாத பாகத்தைத் தனியாக வெட்டி விற்க முடியாதே! இடித்துக் கட்டினால்தான் அந்த மண்ணுக்கு விலை. பழைய அடுக்ககங்களில் எல்லோரையும் சம்மதிக்க வைப்பதற்குள் ஆயுள் போய்விடும்.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர்:

எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 என்பது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். அதே சமயம் உங்கள் கருத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. குரோம்பேட்டை விமான நிலையத்தை ஒட்டியது என்பதால், உயரமாகக் கட்டிக்கொள்ள விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தெரு குறுகலாக இருந்தால் அனுமதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கையும் குறையும். ஆகையால் மறுகட்டுமான லாபத்தை நம்பி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கக் கூடாது. நான் சொன்ன மண் மதிப்பு விலையைக் குறைத்துப் பேசுவதற்கான அடிப்படை, அவ்வளவுதான்.

மடிப்பாக்கத்து மருமகள்:

பெரும்பாக்கம் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். தலத்தின் எல்லையும் அதைச் சுற்றிய தாக்கப் பகுதியும் அறிவியல் ஆய்வின் மூலம் வரையறுக்கப்படும்வரை, அந்தத் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிதாகக் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர், வேளச்சேரி, மேடவாக்கம் என்று அந்த வட்டாரம் முழுவதிலும் வாங்குபவர்களும் விற்பவர்களும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வளாகம் அந்த எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அதற்குத் திட்ட அனுமதி எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். விற்பனை அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வது எதற்கும் உதவாது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பக்கத்தில் தண்ணீர் நின்ற தெருக்கள் எவை என்று ஆட்டோ ஓட்டுநர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். குரோம்பேட்டைக்கும் இதே சோதனை பொருந்தும்.

நன்மங்கலம்வாசி:

மிக்க நன்றி. கட்டுநரிடம் கேட்டேன், அனுமதித் தேதியைப் பற்றிய பதில் வரும் வரை அந்த வீட்டை ஒதுக்கி வைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். குரோம்பேட்டை வீட்டின் ஆவணங்களின் நகல் கிடைத்துவிட்டது. மனையின் மொத்தப் பரப்பு மூன்று கிரவுண்ட், அதாவது 7,200 சதுர அடி. தரைத்தளத்துடன் மேலே மூன்று தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகள், மொத்தம் பதினாறு. 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்ததில் வில்லங்கம் எதுவும் இல்லை. கிரயப் பத்திரத்தில் 450 சதுர அடி மனைப் பாகம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டைப் பற்றிய ஒரு வரிகூட இல்லாதது கவலையாக இருக்கிறது.

தாம்பரம் வழக்கறிஞர்:

பத்திரத்தில் வீடு இல்லாததற்குக் கவலைப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த, மனைப் பாகத்தை மட்டும் கிரயம் செய்து, வீட்டைக் கட்டித்தருவதற்குக் கட்டுநருடன் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போட்டுக்கொள்வது சென்னை முழுவதும் இருந்த பழக்கம். அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டிருக்காது, ஆகவே வில்லங்கச் சான்றிதழில் வராது. அதன் அசல் விற்பவரிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வங்கியின் வழக்கறிஞர் தொந்தரவு செய்வார்.

கவலைப்பட வேண்டியது வேறொரு கணக்கைப் பற்றி. 7,200 சதுர அடி மனையில் பதினாறு வீடுகள், ஒவ்வொன்றும் 900 சதுர அடி என்றால் மொத்தக் கட்டுமானம் 14,400 சதுர அடி, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் குடியிருப்புகளுக்கு 2 ஆக உயர்த்தப்பட்டது 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில்தான். 1997-இல் அது 1.5. அதன்படி 10,800 சதுர அடி, உங்கள் அளவில் பன்னிரண்டு வீடுகள்தான் கட்டியிருக்க முடியும். கணக்கில் சேராத பரப்புகள் சில உண்டு என்றாலும், ஒரு முழுத் தளத்தின் அளவுக்கு இடைவெளி இருப்பதைப் பார்த்தால், தரைத்தளத்துடன் இரண்டு தளங்களுக்கு அனுமதி வாங்கி மூன்றாவது தளத்தைக் கூடுதலாக எழுப்பியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடமோ அடுக்ககத்தின் உரிமையாளர் சங்கத்திடமோ இல்லையென்றால், திட்ட அனுமதி எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தும் பெறலாம்.

விதிமீறல் இருந்தாலும் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ பிரிவைக் கொண்டுவந்தார்கள்; பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு 113-இ வந்தது. சங்கம் அவற்றில் ஏதாவது ஒன்றின் கீழ் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி உத்தரவு வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். விண்ணப்பித்ததற்கான ரசீதை மட்டும் காட்டி, வரன்முறை ஆகிவிட்டது என்று சொல்லும் சங்கங்கள் பல உண்டு. ரசீது உத்தரவாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தந்தை காலமானபின் மகன் மட்டும் விற்க முடியுமா என்பதைப் பாருங்கள். தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்து, சொத்து அவரது சுயசம்பாத்தியமாக இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிருடன் இருந்தால் தாயார் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பாட்டியைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுவார்களா, அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மகனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள்.

சேலையூர் விற்பனையாளர்:

வாங்குபவர்களின் பேச்சாகவே போகிறது; விற்பவர்களின் சார்பிலும் ஒரு கேள்வி கேட்கிறேன். சேலையூரில் 2004-05-இல் எல்லாச் செலவும் சேர்த்து 11 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 52 லட்சத்துக்கு விற்கப் பேசியிருக்கிறோம். இப்போது மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம்தான் என்று தரகர் சொல்கிறார். 41 லட்சம் ஆதாயத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் வரி கட்ட வேண்டுமா?

தாம்பரம் வழக்கறிஞர்:

அம்மா, தரகர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் விற்கும்போது, பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2004-05-இன் குறியீடு 113, 2025-26-இன் குறியீடு 376. 2025-26-இல் விற்றதாகக் கணக்கிட்டால், உங்கள் 11 லட்சம் 36.6 லட்சமாக உயரும், ஆதாயம் 15.4 லட்சம், அதில் 20 சதவீதம் 3.08 லட்சம். மற்றொரு முறையில் 5.12 லட்சம். மேல்வரி இரண்டுக்கும் பொது. அறை சேர்த்ததற்கும் மாடி எழுப்பியதற்கும் ரசீது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வண்ணம் பூசியதெல்லாம் சேராது.

வேறு வீடு வாங்குவதாக இருந்தால், விற்ற தேதிக்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்கினாலும், மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலும் விலக்கு உண்டு. வீடு வேண்டாமென்றால், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டு ஐந்தாண்டுகள் எடுக்காமல் வைத்திருக்கலாம். வரி 3 லட்சம்தான் என்னும்போது, அதை மிச்சப்படுத்துவதற்காகப் பதினைந்து லட்சத்தை முடக்குவது லாபமா என்பதை உங்கள் கணக்காளரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

வங்கிக்கடன் பிரிவு:

எந்த வங்கியையும் சாராமல் எழுதுகிறேன். வீட்டுக் கடன் மேசையில் பல வருடம் இருந்தவன். நன்மங்கலம்வாசி 18 லட்சம் கையில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. சொத்து மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை அல்ல. பேசிய விலை, வங்கி மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானது. அவர் 48 லட்சம் என்று எழுதிவிட்டால் கடன் 38.4 லட்சம். 54 லட்சத்துக்கு முடித்தால் மீதி 15.6 லட்சம், பத்திரச் செலவு 4.86 லட்சம், ஆக 20.46 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். தரகும் பழுதுபார்ப்பும் தனி. இந்த விலையில் உங்கள் சேமிப்பு போதாது.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ விகிதம், 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்தது, அந்த டிசம்பருக்குள் 5.25 சதவீதமாகக் குறைந்தது என்பது நல்ல செய்திதான். கடன் விகிதம் 8.75-இலிருந்து 7.5-க்கு இறங்கினால், இருபது வருடக் கடனில் லட்சத்துக்கு 884 ரூபாயாக இருந்த மாதத் தவணை 806 ரூபாயாகிறது. ஆனால் பழைய கட்டடத்தில் ஒரு சிக்கல் உண்டு. கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்த்துத்தான் வங்கி தவணைக் காலத்தை முடிவு செய்யும். பதினைந்து வருடம்தான் தருவேன் என்று சொல்லிவிட்டால், அதே 7.5 சதவீதத்தில் லட்சத்துக்கு 927 ரூபாய், 38.4 லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 35,600 ரூபாய். வட்டிக் குறைப்பில் கிடைத்ததைவிடக் கூடுதலாகக் காலக் குறைப்பில் போய்விடும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குப் போய் வரைபட நகலைக் கொடுத்து, இந்தக் கட்டடத்துக்கு எத்தனை வருடம் தருவீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நன்மங்கலம்வாசி:

வழக்கறிஞர் ஐயா ஊகித்தது அப்படியே சரியாக இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் அங்கீகரித்த வரைபடம் இருந்தது; தரைத்தளமும் மேலே இரண்டு தளங்களும், பன்னிரண்டு வீடுகள். நாங்கள் பார்க்கும் வீடு இரண்டாம் தளத்தில், வரைபடத்துக்குள் இருக்கிறது. மூன்றாவது தளத்துக்கு 113-அ பிரிவின் கீழ் விண்ணப்பித்த ரசீது மட்டும்தான் இருக்கிறது, உத்தரவு இல்லை. "எல்லா அடுக்ககமும் இப்படித்தான் சார், இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்று தரகர் சொல்கிறார். கூடவே, 54 லட்சத்தில் 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் பத்திரச் செலவு குறையும் என்றும் சொல்கிறார். வாரிசுகள் மூவர்: தாயார், மகன், கனடாவில் வசிக்கும் மகள். பாட்டி 2009-இலேயே காலமாகிவிட்டார். இறப்புச் சான்றிதழைக் காட்டினார்கள்.

தாம்பரம் வழக்கறிஞர்:

உங்கள் வீடு வரைபடத்துக்குள் இருப்பதால் சீல் வைப்பது, இடிப்பது போன்ற நடவடிக்கை நேரடியாக உங்கள் மேல் வருவதற்கான வாய்ப்பு குறைவு. ஆனால் நீங்கள் இழந்தது ஒன்று உண்டு, அதை விலைப் பேச்சில் சொல்லுங்கள். பன்னிரண்டு வீடுகளோடு நின்றிருந்தால் உங்கள் பாகம் 600 சதுர அடியாக இருந்திருக்கும். கூடுதல் தளத்தைக் கட்டி விற்றதால் அது 450 ஆகச் சுருங்கியது. மதிப்பீட்டாளர் ஐயாவின் 7,000 ரூபாய்க் கணக்கில் அந்த 150 சதுர அடி 10.5 லட்சம். தந்தை வாங்கும்போதே 450-தான் என்பதால் விற்பவரைக் குறை சொல்ல முடியாது. அதற்காக, 600 சதுர அடிப் பாகத்தோடு விற்கும் பக்கத்துத் தெரு வீட்டின் விலையை இவர் கேட்பதையும் ஏற்க வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றிதழில் பதினாறு பத்திரங்களின் பாகங்களையும் கூட்டிப் பாருங்கள். 7,200-க்குள் நின்றால் நல்லது, மீறினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

முதல் பத்திரங்களில் மனை உரிமையாளருக்காகக் கட்டுநர் பவர் ஏஜெண்டாகக் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தேதியில் பவர் கொடுத்தவர் உயிருடன் இருந்தாரா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தபின் அதை வைத்து எழுதிய பத்திரம் செல்லாது. இது வில்லங்கச் சான்றிதழில் தெரியவே தெரியாது. பதிவு செய்யாத அடமானம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு, உயில் ஆகியவையும் அப்படித்தான். வில்லங்கமே இல்லை என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மகள் கனடாவில் இருப்பதால், அவரையும் விற்பவராகச் சேர்த்தால் அவர் பங்குக்கு வெளிநாட்டில் வசிப்போருக்கான விகிதத்தில் நீங்கள் வரி பிடித்தம் செய்ய வேண்டிவரும். இந்தியாவில் வசிப்பவர் விற்கும்போது 50 லட்சத்துக்குக் குறைந்தால் பிடித்தம் இல்லை என்ற வரம்பு இதற்குக் கிடையாது. மாறாக அவர் தன் பங்கை முன்கூட்டியே தம்பிக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. குடும்பத்தாருக்குள் என்பதால் கட்டணமும் சலுகையில்தான். அவர் நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதைச் சொல்லிவையுங்கள்.

வங்கிக்கடன் பிரிவு:

ரொக்கப் பேச்சுக்கு நான் பதில் சொல்கிறேன். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், வாங்கியவர் மேல். அதை அந்தத் தரகர் விற்பவரிடம் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் பக்கத்தில் பார்த்தால், பத்திர விலை 42 லட்சமாகிவிட்டால் கடன் 33.6 லட்சத்துக்கு இறங்கும்; மிச்சம் 12 லட்சத்துக்கும் கணக்கில் வராத பணம் உங்களிடம் வேண்டும். 9 சதவீதத்தில் நீங்கள் மிச்சப்படுத்துவது 1.08 லட்சம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 42 லட்சம் என்றுதான் ஆதாயம் கணக்கிடப்படும் என்பதால், அந்த மிச்சமும் வரியாகத் திரும்பப் போய்விடும்.

சேலையூர் விற்பனையாளர்:

வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி. எங்கள் வீட்டின் மேல் இன்னும் 6 லட்சம் கடன் இருக்கிறது. வாங்க வருபவர்கள் அதைக் கேட்டவுடன் தயங்குகிறார்கள்.

வங்கிக்கடன் பிரிவு:

தயங்கத் தேவையில்லை அம்மா. உங்கள் வங்கியிடமிருந்து பாக்கித் தொகைக் கடிதத்தையும், அவர்களிடம் உள்ள அசல் பத்திரங்களின் பட்டியலையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, வருபவர்களிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். வாங்குபவரின் வங்கி உங்கள் வங்கியின் பெயருக்கே காசோலை கொடுத்துக் கடனை அடைத்துப் பத்திரங்களைப் பெற்றுக்கொள்ளும். மாறும் வட்டி விகிதக் கடன் என்றால் முன்கூட்டியே அடைப்பதற்குத் தனிநபருக்கு அபராதமும் கிடையாது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு நடைமுறையில் இருக்கிறது. அடமான ஆவணத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிவு செய்யச் சொல்ல மறக்காதீர்கள். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகியவை உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்றும் இப்போதே பாருங்கள். 2004-இல் வாங்கிய பலர் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இன்றுவரை மின் கட்டணம் கட்டிவருகிறார்கள்.

நன்மங்கலம்வாசி:

இரண்டு வாரப் பேச்சுக்குப் பிறகு எழுதுகிறேன். பதினாறு பத்திரங்களின் பாகங்களும் சரியாக 7,200-க்குள் நிற்கின்றன. பவர் கொடுத்த மனை உரிமையாளர் 2011 வரை உயிருடன் இருந்திருக்கிறார். கனடாவில் உள்ள மகள் விடுதலைப் பத்திரத்துக்குச் சம்மதித்துவிட்டார், தாயாரும் அப்படியே. ஒரு வங்கி கட்டடத்தையே ஏற்க மறுத்துவிட்டது. மற்றொன்று, வீடு வரைபடத்துக்குள் இருப்பதால் பதினைந்து வருடத் தவணையில் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மண் கணக்கையும் 600 சதுர அடிக் கணக்கையும் எழுதிக் காட்டிப் பேசியதில், 48.5 லட்சத்துக்கு இறங்கி வந்திருக்கிறார், முழுவதும் வங்கி வழியாகவே. கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாக 1.5 லட்சம் வேண்டுமாம், அதற்குத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். வீட்டின் விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1 சதவீத டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்) பிடிக்கத் தேவையில்லை என்று தரகர் சொல்வது சரிதானே?

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர்:

48.5 என்பது என் கணக்கைவிட அதிகம்தான். ஆனாலும் நடந்துபோகும் தூரத்தில் ரயில் இருக்கும் வீட்டுக்கு, குடியிருக்கப் போகும் குடும்பம் கொடுக்கக்கூடிய விலை. நான் தடுக்க மாட்டேன்.

தாம்பரம் வழக்கறிஞர்:

தரகர் சொல்வது சரியல்ல. வீட்டோடு சேர்ந்த கார் நிறுத்துமிடம், பராமரிப்பு போன்றவற்றுக்குக் கொடுக்கும் தொகையும் விலையில் அடங்கும் என்று 2019 செப்டம்பர் முதல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 48.5-உம் 1.5-உம் சேர்ந்து சரியாக 50 லட்சம். 50 லட்சத்துக்குக் குறைந்தால்தான் பிடித்தம் இல்லை. 50-ஐத் தொட்டுவிட்டால் உண்டு, அதுவும் முழுத் தொகையின் மேல். ஆகவே 50,000 ரூபாயைப் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் விற்பவரின் பான் எண்ணில் செலுத்துங்கள். அவருடைய பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலற்றுக் கிடந்தால் 1 சதவீதம் 20 சதவீதமாகிவிடும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதையும் சரிபாருங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கி ஆளுக்கு 25 லட்சம் என்று பிரித்துக் காட்டினாலும் பலனில்லை. 2024 அக்டோபர் 1 முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள்.

தனி ஒப்பந்தம் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். தரைத்தளத்திலேயே வீடுகள் இருக்கும் கட்டடத்தில் கார் நிற்பது பக்கவாட்டுத் திறந்தவெளியில்தான். அது பதினாறு பேருக்கும் பொதுவான இடம், தனியாக விற்கும் உரிமை விற்பவருக்கு இல்லை. அவர் இதுவரை எந்த இடத்தில் நிறுத்திவந்தாரோ அதைச் சங்கத்தின் கடிதத்தோடு உறுதி செய்து, அந்தப் பயன்பாட்டு உரிமையையும் சேர்த்து மொத்தம் 50 லட்சம் என்று ஒரே கிரய ஒப்பந்தமாக எழுதுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். விடுதலைப் பத்திரம் பதிவாகி வில்லங்கச் சான்றிதழில் ஏறியபிறகு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்; அதுவரை முன்பணம் வேண்டாம்.